அடித்தல் திருத்தல் இல்லாமல்

அந்த ஃபாரத்தை இப்படிக் குடுங்க சார், நான் எழுதித் தர்றேன். மடியில வச்சு எழுதுனா எழுத்து கோணிக்கிட்டுப் போகும். என் பையில எப்பவும் அட்டை இருக்கும், பேனாவும் இருக்கும். நான் கோவில்பட்டியில பத்திரம் எழுதுறவன். ஆவுடையப்பன்னு பேரு. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எதுத்தாப்புல முப்பத்தோரு வருசமா உக்காந்திருக்கேன். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல அடிச்சுத்தான் குடுக்குறோம், ஆனாலும் கையெழுத்துப் பழக்கம் விட்டுப்போகல.

பேசன்ட் பேரு? உங்க வீட்டம்மாதானா. டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போயிருக்காங்களா, சரி, வரட்டும். நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். மங்களேஸ்வரி. வயசு முப்பத்தாறு. ஊரு சாத்தூரா, நமக்குப் பக்கம்தான். என்ன கம்ப்ளைண்ட்? பெருங்குடல் புண்ணு. அதேதான் சார், என் சம்சாரத்துக்கும் அதேதான். அந்தா மூணாம் நம்பர் ரூம், கதவு சாத்தியிருக்கு பாருங்க, அதுக்குள்ளதான் இருக்கா. பத்து மணிக்குப் போனா. இப்ப மணி என்ன? பதினொன்னு பத்தா.

என்னை வெளிய இருக்கச் சொல்லிட்டாங்க.

என்னத்த இவ்வளவு நேரம் பேசுறான்னு தெரியல. அவளுக்கு அவ்வளவு பேச்சு கிடையாது. மொத்தம் நாலு விஷயம் சொல்லணும், என்னைக் கேட்டிருந்தா அஞ்சு நிமிசத்துல வரிசையாச் சொல்லியிருப்பேன். சரி விடுங்க. அடுத்த கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளிக்குப் போறாங்க? நாலு, அஞ்சு. நாலா, அஞ்சா? சரியாத் தெரியாதா. அப்ப அந்த இடத்தை மட்டும் விட்டு வைக்கிறேன்.

நீங்களும் ரிசர்ச்சுக்குத்தான் வந்திருக்கீங்க, இல்லையா? தாளைப் பாத்ததுமே தெரிஞ்சுது. மேல அந்த நம்பர் போட்டிருக்கும். நாங்க போன வருசம் சேர்ந்தோம், வைகாசி கடைசியில. இல்ல சார், பயமுறுத்தல. இங்க நல்லாத்தான் பாப்பாங்க. எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான், அதை மட்டும் சொல்றேன். உங்க வீட்டம்மா வர்ற வரைக்கும் நேரம் போகணும்ல.

என் சம்சாரத்துக்கு செண்பகவல்லின்னு பேரு. எங்க ஊரு அம்மன் பேரு. மூணு வருசத்துக்கு முன்னால ரத்தம் போக ஆரம்பிச்சது. மூலம்னு நினைச்சோம். துத்தி இலையை வதக்கிக் குடுத்தேன், நானே பறிச்சிட்டு வந்து. ஒரு வருசம் அதுல போச்சு. அப்புறம் இங்க மதுரைக்கு வந்தோம், உள்ள டியூப் விட்டுப் பாத்தாங்க, மூலம் இல்ல, குடலே புண்ணாயிருக்குன்னாங்க. மாத்திரை குடுத்தாங்க. கொஞ்ச நாள் கேக்கும், கொஞ்ச நாள் கேக்காது. அப்பத்தான் பெரிய டாக்டர் சொன்னாரு, புதுசா ஒரு மாத்திரை வந்திருக்கு, ஆராய்ச்சியில வச்சிருக்கோம், பன்னெண்டு வாரம், பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து இல்லாத மாத்திரை, யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாது, நிலைமை மோசமானா உடனே நிறுத்திட்டு வேற வைத்தியம் பாத்துருவோம்னு. ஒளிவுமறைவு இல்லாமத்தான் சொன்னாரு.

சம்மதப் பத்திரம் இருபத்திரண்டு பக்கம். அதை முழுசா வாசிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான் சார்னு ரெனிட்டா மேடம் சொன்னாங்க. இங்க ரிசர்ச்சைப் பாத்துக்கிடுற பொண்ணு, நாகர்கோவில் பக்கம். அதுல மூணு எழுத்துப்பிழை இருந்தது, குறிச்சுக் குடுத்தேன். கடைசிப் பக்கத்துல, என் சுயநினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு மனதோடு சம்மதிக்கிறேன்னு இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. முப்பத்தோரு வருசமா நான் எழுதுற வரி சார் அது. எத்தனை ஆயிரம் பேருக்கு எழுதியிருப்பேன். கிழவனுக்குப் பின்னால மகன் நிப்பான், தங்கச்சிக்குப் பின்னால அண்ணன் நிப்பான், நான் முழு மனதோடுன்னு எழுதிட்டே போவேன். அவங்க மூஞ்சியைப் பாத்ததில்ல. கையெழுத்துப் போடுற இடத்தைத்தான் பாப்பேன், மை சிந்தாம இருக்கான்னு.

ரெனிட்டா மேடம் அவகிட்ட கேட்டாங்க, அம்மா உங்களுக்குச் சம்மதமான்னு. அவ என்னைப் பாத்தா. சம்மதம்னு சொல்லுன்னேன். சம்மதம்னா. கையெழுத்துப் போட்டா.

அப்புறம் ஒரு டைரி குடுத்தாங்க. உங்களுக்கும் தருவாங்க. நாளுக்கு ஒரு பக்கம், எண்பத்து நாலு பக்கம். பெருசா எழுத ஒண்ணும் இல்ல. பகல்ல எத்தனை தடவை, ராத்திரி படுத்ததுக்கு அப்புறம் எத்தனை தடவை, ரத்தம் இல்லையா கொஞ்சமா நிறையவா, வயித்துவலி எவ்வளவு, கீழ கையெழுத்து. நோயாளியே காலையில எந்திரிச்சதும் எழுதணும்னு மேடம் சொன்னாங்க. அவளைப் பாத்துத்தான் சொன்னாங்க. டைரியை நான்தான் வாங்கிப் பையில வச்சேன்.

அவ பத்தாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவதான். எழுதத் தெரியும். ஆனா அவ எழுத்து அங்க ஒண்ணு இங்க ஒண்ணா நிக்கும். ரேஷன் கார்டு, பேங்கு, கேஸ் புக்கு, எல்லாமே கல்யாணம் ஆனதுல இருந்து நான்தான் எழுதுறது, அவ கையெழுத்து மட்டும் போடுவா. இதுவும் அப்படித்தான்னு நினைச்சேன். பெரிய டாக்டருங்க பாக்குற விஷயம், வெளிநாடு வரைக்கும் போகுமாம், எழுத்து நல்லா இருக்கணும்ல.

காலையில எனக்கு நேரம் கிடையாது. எட்டரைக்கே பார்ட்டி வந்து நிப்பாங்க, டோக்கன் போடணும். அதனால சாயங்காலம்னு வச்சுக்கிட்டேன். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, காலு கழுவிட்டு, டைரியை எடுத்துட்டு உக்காருவேன். இன்னிக்கு எத்தனைன்னு கேப்பேன். அவ சொல்லுவா, எழுதுவேன். ராத்திரி எத்தனைன்னு முதல் வாரம் கேட்டேன். மூணு நாலு இருக்கும்னா. நான் அதே வீட்டுலதான் படுத்திருக்கேன், ஒரு சத்தமும் கேக்கலையே, கனவு கண்டியான்னேன். பூஜ்யம் போட்டேன். பத்திரத்துல சாட்சி இல்லாததை எழுத மாட்டோம் சார். அதுல இருந்து அந்த இடத்துல பூஜ்யம்தான். கேக்குறதையும் விட்டுட்டேன்.

ஆனி பிறந்ததுல இருந்து அவ பின்வாசல் பக்கம் பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டா. பாத்ரூம் அங்கதான் இருக்கு. உள்ள புழுக்கமா இருக்குன்னா. சரி, காத்து வரட்டும்னு நானும் ஒண்ணும் சொல்லல. விடியிறதுக்கு முன்னாலயே கொடியில சேலை, பாவாடை எல்லாம் துவைச்சுக் காயும். எப்பவுமே சுத்தக்காரி.

ஒருநாள் எழுதி முடிச்சு மூடி வச்சுட்டேன். மூணுன்னு சொன்னா, மூணுன்னு போட்டேன். சோறு போடும்போது சொல்றா, ஏங்க அதுக்கப்புறம் ரெண்டு தடவை போயிட்டேன்னு. எழுதியாச்சேன்னேன். டைரி முதல் பக்கத்துலயே போட்டிருந்தாங்க, தப்பா எழுதிட்டா ஒரு கோடு போட்டுப் பக்கத்துல எழுதலாம்னு. எனக்கு அது பிடிக்கல. அடித்தல் திருத்தல் இருக்குற பத்திரம் என்னைக்குமே சந்தேகத்துக்கு இடம் குடுக்கும் சார். கோர்ட்டுல போயி நிக்காது. நான் எழுதுனதுல அடித்தல் இருக்காதுன்னு ஆபீஸுல எல்லாருக்கும் தெரியும். நாளைக்குச் சேத்துச் சொல்லுன்னேன். நாளைக்கு அவ சொல்லல.

இன்னொரு நாள் ஒன்பதுன்னா. முந்தின நாள் மூணு. எப்படி மூணு ஒன்பதாகும், யோசிச்சுச் சொல்லு, பாக்குறவங்க நம்ப வேண்டாமான்னு கேட்டேன். கோவமாக் கேக்கல சார், சும்மா கேட்டேன். சரி, நாலுன்னு போட்டுக்கோங்கன்னா. அதுக்கப்புறம் அவளும் சரியாச் சொல்லப் பழகிட்டா. நாலு, மூணு, மூணு, ரெண்டு, மூணு. டைரி அவ்வளவு அழகாப் போச்சு. ஞாயித்துக்கிழமை காலையில ஏழு பக்கத்தையும் விரிச்சு வைப்பேன், அவ வரிசையாக் கையெழுத்துப் போடுவா.

ரெண்டாவது வாரம் இங்க கொண்டுவந்து காட்டினப்ப ரெனிட்டா மேடம் அசந்துட்டாங்க. இவ்வளவு சுத்தமா யாரும் எழுதினதில்லம்மான்னு அவகிட்ட சொன்னாங்க. அதுல வெறும் எண்ணும் டிக்கும்தானே, யாரு எழுதுனதுன்னு கண்டுபிடிக்க முடியாது. செண்பகவல்லி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நானும் வாயைத் திறக்கல. உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்தது, அதை ஒத்துக்கிடுறேன்.

எட்டாவது வாரம் பெரிய டாக்டர் கேட்டாரு, எடை அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கே, உடம்புல ரத்தமும் குறையுதே, டைரியில எல்லாம் நல்லா இருக்கேன்னு. ஆடி மாசம் விரதம் சார், வெள்ளி செவ்வாய் ஒருநேரம்தான் சாப்பிடுவான்னு சொன்னேன். அம்மாவே சொல்லட்டும் சார்னாரு. அவ என்னைப் பாத்துட்டு, அவங்க சொல்றதுதான் டாக்டர்னா. டாக்டர் கொஞ்ச நேரம் அவளையே பாத்துக்கிட்டு இருந்தாரு. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாரு. ரத்தம் அதிகமாப் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, தேதி பாக்காம எந்த நேரமும் கூப்பிடணும்னு ஒரு அட்டையில நம்பர் எழுதி அவ கையில குடுத்தாரு. வீட்டுல போன் ஒண்ணுதான், என்கிட்ட இருக்கும். அதனால அட்டையை நான் வாங்கிச் சட்டைப்பையில வச்சுக்கிட்டேன்.

மணி என்ன சார்? பதினொன்னரையா. சரி.

ஆடியில யாரும் பத்திரம் பதிய மாட்டாங்க, உங்களுக்குத் தெரியும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மொத்தமா வந்து விழுவாங்க. அது ஒரு வெள்ளிக்கிழமை. எனக்குப் பதினாலு பத்திரம், பதினாலுக்கும் டோக்கன். காலையில செருப்பு மாட்டும்போது அவ வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. இன்னிக்கு மதுரைக்குப் போகலாமான்னு கேட்டா. அவளா ஒண்ணு வேணும்னு கேட்டது அன்னைக்குத்தான். நான் சொன்னேன், செக்கப்புக்கு அடுத்த புதன் கழிச்சு அதுக்கடுத்த புதன் தேதி போட்டிருக்காங்க, இடையில போனா திட்டுவாங்க, இன்னிக்கு என்ன நாளுன்னு உனக்குத் தெரியாதான்னு. தெரியும், போயிட்டு வாங்கன்னா.

டாக்டர் நம்பர் எழுதிக் குடுத்த அட்டை சட்டைப்பையிலதான் இருந்தது சார். வேற சட்டை.

சாயங்காலம் வந்து கேட்டேன், மூணுன்னா, எழுதினேன். சனிக்கிழமையும் மூணு. ஞாயித்துக்கிழமை காய்ச்சல். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தேன். வயிறு கொஞ்சம் உப்புசமா இருந்தது, வாயுன்னு நினைச்சுப் பெருங்காயம் கரைச்சுக் குடுத்தேன். அன்னைக்கும் எழுதினேன், அன்னைக்கும் மூணு. அவ கண்ணைத் திறக்காமலே சொன்னா. திங்கக்கிழமை காலையில பின்வாசல்ல போயிப் பாத்தா பாயோட கிடக்குறா. கூப்பிட்டா முனகுறா. பாயெல்லாம் ரத்தம். பக்கத்து வீட்டுக் காரை எடுத்துட்டு இங்க வந்தோம். அந்த அவசரத்துலயும் டைரியை மறக்காம எடுத்துக்கிட்டேன்.

பெருங்குடல் முழுசும் எடுத்துட்டாங்க. வீங்கி வெடிக்கிற பதத்துல இருந்ததாம். இன்னொரு ஆறு மணி நேரம் போயிருந்தா ஆளு இல்லன்னாங்க. வயித்துல வலப்பக்கம் ஒரு ஓட்டை வச்சு, அதுல பையை மாட்டி விட்டுட்டாங்க. இனிமே வாழ்நாளுக்கும் அதுலதான் எல்லாம். பெரிய டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு, மூணாவது நாலாவது வாரமே தெரிஞ்சிருந்தா ஆராய்ச்சியை நிறுத்திட்டு வேற மருந்து ஏத்தியிருப்போம், பெரும்பாலும் குடல் தப்பிச்சிருக்கும்னு. சத்தம் போடல, சாதாரணமாத்தான் சொன்னாரு. எனக்கு அப்ப ஒண்ணும் தோணல சார். அழுகை வரல, ஒண்ணும் வரல. வராண்டாவுல போயி உக்காந்து, எதுத்தாப்புல இருந்த போர்டுல எழுத்துப்பிழை இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இப்பவும் அப்படித்தான் இருக்கு. சாப்பிடுறேன், தூங்குறேன், பத்திரம் எழுதுறேன்.

என் வருத்தம்னு சொன்னேன்ல, அது அதுக்கப்புறம். ஆறாம் நாள் ரெனிட்டா மேடம் டைரியை எடுத்துட்டு வார்டுக்கு வந்தாங்க. டைரியில மூணு, குடல்ல இந்த நிலைமை, ரெண்டும் பொருந்தலையே, இதை எழுதுனது யாருன்னு கேட்டாங்க. நான்தான்னேன். அப்பவும் எனக்குப் பெருமைதான். மேடம் எழுபத்து நாலு பக்கத்தையும் ஒண்ணு விடாமப் புரட்டினாங்க.

"சார், இது அவங்க டைரி"ன்னாங்க.

அவ டைரிதான், நான் எழுதியிருக்கேன், புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன இருக்குன்னேன். மறுநாள் பாத்தா ஒவ்வொரு பக்கத்துலயும் குறுக்க ஒரு கோடு. ஆராய்ச்சிக்கு இது செல்லாதாம். எழுபத்து நாலு கோடு சார். முப்பத்தோரு வருசத்துல நான் எழுதுனதை யாரும் அடிச்சதில்ல.

அதோட போகல. மேடம் கட்டில் ஓரத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, அவகிட்ட மெதுவாக் கேட்டாங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்குறதைச் சொல்லுங்கம்மான்னு. மூக்குல டியூப். பேசவே முடியாது. சொல்றா சார். அடுத்த வீட்டுப் பொண்ணு வளைகாப்பு அன்னைக்கு ஒன்பது, ராத்திரி அஞ்சு. இவங்க தூத்துக்குடி போன அன்னைக்குப் பதினொன்னு, அன்னைக்குத்தான் கட்டி கட்டியா ரத்தம் வந்தது. ஆடி மூணாம் வெள்ளி மாவிளக்குப் போட்டுட்டு வந்து பதினாலு, ராத்திரி எட்டு. ஒவ்வொரு நாளா, ஒண்ணு விடாம. மேடத்துக்கு எழுதிக் கை வலிச்சிருச்சு. இவ்வளவும் எப்படிம்மா ஞாபகம் வச்சிருந்தீங்கன்னு கேட்டாங்க. அவங்க கேக்குறதுக்கு முன்னால தினமும் மனசுக்குள்ள ஒருதடவை கூட்டிப் பாத்துக்கிடுவேன்னா. அவங்கன்னு சொன்னது என்னை. நான் காலுமாட்டுலதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

இவ்வளவும் தெரிஞ்சவ என்கிட்ட மூணுன்னு ஏன் சொன்னா? அதுதான் சார் எனக்கு இன்னும் புரியல. நான் அடிச்சேனா, வைதேனா? ஊருல விசாரிச்சுப் பாருங்க, ஒரு கெட்ட வார்த்தை என் வாயில வராது.

இப்ப எட்டு மாசம் ஆச்சு. அவ நல்லா இருக்கா. எடை கூடியிருக்கு. பையை அவளே மாத்திக்கிடுவா, கதவைத் தாப்பாப் போட்டுக்கிட்டு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை பையைக் காலி பண்றேன்னு ஒரு நோட்டு போடுவோமான்னு கேட்டேன். இதுக்கு எழுத்து வேண்டாம்னா. சரின்னேன். வீட்டுக்கு வந்தா ஏழு மணிக்கு எனக்குக் கை சும்மா இருக்கு. டி.வி. பாக்குறேன்.

இன்னிக்கு இது வேற ஆராய்ச்சி. மருந்து கிடையாது. ஆபரேசன் ஆனவங்க எப்படி வாழ்றாங்கன்னு வெறுமனே கேட்டுப் பதிவு பண்றாங்க. போன மாசம் ரெனிட்டா மேடம் போன் பண்ணியிருக்காங்க, என் போனுக்கு இல்ல, அவ போனுக்கு. ஆபரேசனுக்கு அப்புறம் எங்க மக வாங்கிக் குடுத்திருக்கா. வர்றேன்னு அவளே சொல்லியிருக்கா. நேத்து ராத்திரி சோறு போடும்போதுதான் என்கிட்ட சொன்னா, நாளைக்கு மதுரைக்குப் போறேன், நீங்க வர்றதுன்னா வாங்கன்னு.

காலையில வந்தோம். எப்பவும் போல நானும் உள்ள போயி நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன். சம்மதத் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பிச்சேன். ரெனிட்டா மேடம் அவளைத்தான் பாத்தாங்க. அவ என் கையில இருந்து தாளை வாங்கிட்டா. பிடுங்கல, வாங்கினா.

"நீங்க வெளிய இருங்க. நானே சொல்லிக்கிடுறேன். போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."

அவ்வளவுதான் சொன்னா. குரல் உயரல. நான்தான் சார் கதவைச் சாத்தினேன். சாத்துறதுக்கு முன்னால பாத்தேன், தாளு மேல குனிஞ்சு ஒவ்வொரு எழுத்தாப் பேரு எழுதிக்கிட்டு இருந்தா. அங்க ஒண்ணு இங்க ஒண்ணா.

கதவு திறக்குது. ஒரு நிமிசம் சார், பாத்துட்டு வந்துர்றேன்.

ஒண்ணுமில்ல. என்னைக் கூப்பிடல. மேடம் தண்ணி பிடிக்க வந்திருக்காங்க. இன்னும் நேரமாகும், நீங்க சாப்பிட்டுட்டு வாங்க சார்னு சொல்லிட்டுப் போறாங்க. கதவு இடுக்குல பாத்தேன். தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டு, அடுத்து என்ன சொல்லணும்னு யோசிக்கிற ஆளு மாதிரி உக்காந்திருக்கா. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சே சார். இன்னும் என்ன பாக்கி இருக்கும்?

அந்தா வர்றாங்களே, பஞ்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அவங்கதானா மங்களேஸ்வரி? வாங்கம்மா, இப்படி உக்காருங்க. உங்க ஃபாரத்துல பேரும் ஊரும் எழுதிட்டேன், ஒரு இடம் மட்டும் விட்டு வச்சிருக்கேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளிக்குப் போறீங்க? உங்க வீட்டுக்காரரு நாலு, அஞ்சுன்னாரு. ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?

சொல்லுங்கம்மா.

சார். நான் அவங்ககிட்டத்தான் கேட்டேன். அவங்க உங்க மூஞ்சியைப் பாக்குறாங்க.

செண்பகவல்லியும் இப்படித்தான் பாப்பா. முப்பது வருசமா இப்படித்தான் பாத்தா. நான் அதை மரியாதைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

இந்தாங்கம்மா, அட்டை. பேனாவையும் பிடிங்க. மடியில நல்லா வச்சுக்கிட்டு நீங்களே எழுதுங்க. எழுத்து கோணுனாலும் பரவால்ல, தப்பாப் போனா அடிச்சுட்டு எழுதுங்க. எந்திரிங்க சார், கேன்டீன் கீழதான் இருக்கு, நாம ரெண்டு பேரும் போயி டீ குடிச்சிட்டு மெதுவா வருவோம்.